கடைசி நாள் அழைப்பு

இன்று மாலை ஆறு மணிக்குள் அந்தத் தொலைபேசி ஒலிக்க வேண்டும். ஒலித்தால் சேரின் சூவோனுக்குப் போவாள். ஒலிக்காவிட்டால் சொந்த ஊரான இக்சானிலேயே இருப்பாள்.

பியோன் கியுசிக் வீட்டில் எல்லோர் மனசிலும் இது ஒன்றுதான். வாயைத் திறந்து யாரும் பேசத்தான் இல்லை.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அப்பா கியுசிக் கத்தியிருந்தால் தேவலை. சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவர் கத்தவில்லை. மகளை நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணு போதும்" என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அந்த 'ஒண்ணு' யாரென்று விளக்க வேண்டியதில்லை. மூத்த மகள் யூரிம். சூவோனில் இருக்கும் புனித கிளாரா கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் சமூகப்பணி படித்தாள். பட்டம் வாங்கினாள். போன மார்ச்சில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியவள், வளாகத்தை ஒட்டிய மதிலுக்குள் இருந்த கன்னியர் மடத்துக்குப் போய்விட்டாள்.

அதே பல்கலைக்கழகத்தில் நர்சிங்குக்குத்தான் இப்போது சின்னவள் சேரின் காத்திருக்கிறாள். ஊர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உணவுப் பதனிடும் படிப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். ஆனால் அவளுக்கு நர்சிங்தான் வேண்டும். அது அவளுக்கு எட்டுகிற ஒரே இடம் புனித கிளாரா. அங்கே காத்திருப்போர் வரிசையில், நேற்றைய நிலவரப்படி அடுத்த ஆள் அவள்தான்.

முன்னால் இருக்கிற யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் அலுவலகத்திலிருந்து போன் வரும். சேர்கிறீர்களா, இல்லையா? அந்த நிமிஷமே பதில் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள்.

இன்றைக்குக் கடைசி நாள்.

*

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தங்கள் கடையில் கூட்டம் இருக்காது என்று கியுசிக்கின் மனைவி ஓக்ரான் நினைத்திருந்தாள். தப்பு. குளிர் எல்லோரையும் ஸ்டேஷன் எதிரே இருந்த அந்தச் சின்னக் கடைக்குள் தள்ளியது. எலும்புச் சூப்பும் அதில் போட்ட சோறும்தான் அங்கே வியாபாரம். கண்ணாடிக் கதவு முழுக்க ஆவி.

கியுசிக் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

"சேரின் அம்மா, உப்புத் தீர்ந்துடுச்சு" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் மனைவியை 'யூரிம் அம்மா' என்று கூப்பிட்டவர் அவர். ஊரிலும் அப்படித்தான், மூத்த பிள்ளை பேரில்தான் கூப்பிடுவார்கள். மூத்தவள் மடத்துக்குப் போன மறுநாள் காலை, எதுவுமே நடக்காத மாதிரி, அவர் பேரை மாற்றிவிட்டார். ஓக்ரானும் எதுவுமே நடக்காத மாதிரித் திரும்பிப் பார்த்தாள்.

சேரின் இரண்டு கைபேசிகளோடு அலைந்துகொண்டிருந்தாள். ஒன்று அவளுடையது, இன்னொன்று அம்மாவுடையது. விண்ணப்பம் போட்ட சமயம் அவள் பள்ளி விடுதியில் இருந்தாள். அங்கே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் முதல் எண்ணாக அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

பத்தரை மணிக்கு அம்மாவின் கைபேசி அடித்தது. கடையே உறைந்தது.

"ஹலோ! நான் பியோன் சேரின் பேசறேன்!"

மறுமுனை ஏதோ சொன்னது. சேரினின் முகம் சுண்டியது.

"எனக்குப் புற்றுநோய்க் காப்பீடு வேண்டாங்க. எனக்குப் பத்தொம்பது வயசுதான் ஆகுது. ஆமாங்க, வராதுன்னு சொல்ல முடியாதுதான். இன்னிக்கு வராதுங்க, வெச்சுடுங்க!"

மூலை மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்சிக்காரர் சிரித்தார். கியுசிக் சிரிக்கவில்லை. கத்தியை மறுபடியும் எடுத்தார்.

ஐந்து நிமிஷத்தில் அத்தை கூப்பிட்டாள். கியுசிக்கின் தங்கை.

"அத்தை, இன்னிக்கு என்ன நாள்னு உங்களுக்குத் தெரியாதா? பரீட்சை எழுதின பிள்ள வீட்டுக்கு இன்னிக்கு யாராச்சும் போன் பண்ணுவாங்களா?"

"வந்துச்சான்னு கேக்கத்தான்டி பண்ணேன்!"

"நீங்க பேசிட்டே இருந்தா எப்படி வரும்!"

*

கோயிலில் ஓக்ரானோடு பாடகர் குழுவில் இருக்கும் மோனிகா, சூப்பு வாங்கிப் போகப் பாத்திரத்தோடு வந்தாள்.

"எலெனா சிஸ்டர்!" ஓக்ரானின் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னவளும் கிளாராவுக்கே போறாளாமே! கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. ஆண்டவர் உங்க வீட்டு மேல கண்ணு வெச்சுட்டார்!"

"ஆமா" என்றார் கியுசிக், தலையைத் தூக்காமல். "வெச்சுட்டார். எங்க வீட்டுல இருக்கறதே ரெண்டுதான்னு யாராச்சும் அவர்கிட்ட சொல்லுங்க."

மோனிகா சிரித்துச் சமாளித்தாள். "அய்யோ, நீங்க பூசைக்கு வராதவரு, அதான் இப்படிப் பேசறீங்க. எலெனாவக் கேளுங்க. ஒரு தாய்க்கு இதவிடப் பெரிய பாக்கியம் உண்டா?"

இருவரும் ஓக்ரானைப் பார்த்தார்கள்.

"எலும்பு தனியா வேணுமா, சூப்புலயே போட்டுடவா?" என்று கேட்டாள் ஓக்ரான்.

பாக்கியம். யூரிம் உள்ளே போன அன்றைக்குக் கோயில் பெண்கள் இருபது பேர் மடத்து வாசலில் இந்த வார்த்தையைச் சொல்லி ஆளுக்கொரு பூங்கொத்துக் கொடுத்தார்கள். "அம்மா, அழாதீங்க" என்றாள் யூரிம். ஓக்ரான் அழவே இல்லை. பூங்கொத்துகள் கையில் கனத்தன. ரயிலில் பக்கத்து இருக்கை முழுக்கப் பூவாக இருந்தது. அந்த இருக்கையில்தான் யூரிம் வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதே தவிர வலிக்கவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அப்படித்தான். சூப்பில் உப்புச் சரியாக இருக்கிறதா என்றுகூட இப்போதெல்லாம் கியுசிக்தான் பார்க்கிறார்.

மோனிகா போன பிறகு அம்மா பக்கத்தில் சேரின் வந்து நின்றாள்.

"அம்மா, நான் கோயிலுக்கே போறதில்ல. பூசையில என்ன சொல்லணும்னுகூட எனக்கு மறந்துபோச்சு. நான் எப்படி மடத்துக்குப் போவேன்? அப்பாவுக்கு ஏன் இது புரிய மாட்டேங்குது?"

"யூரிமும் பூசையில தூங்குவா" என்றாள் ஓக்ரான்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நாலாவது மேசைக்குத் தண்ணி வை."

*

ஒரு மணிக்குக் கூட்டம் நெரித்தது. கொதிக்கிற மண்சட்டிகளைத் தட்டில் தூக்கிக்கொண்டு இரண்டு கைபேசிகளையும் வைத்திருக்க முடியாது. அம்மாவின் கைபேசியை அம்மாவுடைய ஏப்ரன் பையிலேயே சேரின் போட்டாள்.

"அடிச்சா உடனே என்னக் கூப்பிடுங்க. எங்க இருந்தாலும் ஓடி வந்துடறேன்." குரலைத் தாழ்த்தினாள். "அப்பா கைக்கு மட்டும் போயிடக் கூடாது. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

ஓக்ரான் தலையாட்டினாள்.

இரண்டே முக்காலுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஓக்ரான் பின்கட்டுக்குப் போனாள். நாளைக்கான மாட்டெலும்புகளை ரத்தம் போகக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை. ஒரு கையுறையில் ஓட்டை.

பையில் கைபேசி அதிர்ந்தது.

கையுறையைக் கழற்றினாள். எடுத்தாள்.

"வணக்கங்க. புனித கிளாரா பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துலேர்ந்து பேசறோம். பியோன் சேரின் இருக்காங்களா?"

இளம் பெண்ணின் குரல். காலையிலிருந்து பேசிப் பேசி அந்தக் குரலும் களைத்திருந்தது.

"நான் அவங்கம்மா."

"நர்சிங் துறையில அவங்களுக்கு இடம் வந்திருக்குங்க. சேர்றீங்களா?"

பின்கட்டுக் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. அதன் வழியே சேரின் தெரிந்தாள். காலித் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, யாரோ ஒரு தொழிலாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரம். 'சேரின்' என்றால் போதும்.

ஓக்ரான் கூப்பிட வாயைத் திறந்தாள்.

"சேரல" என்றாள்.

"மன்னிக்கணும், சரியாக் கேக்கலங்க."

"சேரலங்க. வேற இடம் பாத்துட்டோம்."

"சொன்னதுக்கப்புறம் மாத்த முடியாதுங்க. நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரிங்க. உங்களுக்குப் புத்தாண்டு வாழ்த்துகள்."

"உங்களுக்கும்" என்றாள் ஓக்ரான்.

கைபேசியைப் பையில் போட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டாள். எலும்பை அலசினாள்.

இப்போது ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தாள். குறைந்தபட்சம் அழுகையாவது வரும். எதுவும் வரவில்லை. தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்பதே, ஓட்டைக் கையுறைக்குள் விரல் சிவந்திருப்பதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

உள்ளே வந்ததும் சேரின் பாய்ந்து வந்தாள்.

"போன் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சே?"

"இன்சூரன்ஸ்."

"அந்தப் பொம்பள விடமாட்டா போல!" என்று சேரின் பல்லைக் கடித்தாள். கைபேசியை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

*

கொஞ்ச நேரத்தில் முன்பக்க மேசையில் வேறொன்று நடந்தது.

பக்கத்து ஹார்டுவேர் கடை போங், தினமும் மூன்று மணிக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவார். கியுசிக் அவர் எதிரே உட்கார்ந்து இரண்டு சின்னக் கிண்ணங்களில் சோஜு சாராயம் ஊற்றினார்.

"வந்துச்சா?"

"வரல."

"வராம இருக்கணும்னு நீ வேண்டிக்கிட்டிருக்கே. அந்தப் பிள்ள வரணும்னு வேண்டிக்கிட்டிருக்கு. சாமி பாவம்யா."

"அண்ணே, உங்க பையனும் கத்தோலிக்க யுனிவர்சிட்டிலதான படிச்சான்?"

"படிச்சான். நாலு வருஷம். சிலுவை எந்தப் பக்கம் ஆரம்பிச்சுப் போடணும்னுகூடத் தெரியாம வந்தான். பீர்தான் நல்லாக் கத்துக்கிட்டு வந்தான். என் சம்சாரம் பிரஸ்பிட்டேரியன் சபை. மாதா சிலைக்கு முன்னாடி மண்டி போடச் சொல்வாங்கன்னு அவ மூணு மாசம் உபவாசம் இருந்தா. இவன் அங்க மண்டி போட்டதெல்லாம் வாந்தி எடுக்கத்தான்."

கியுசிக் தன் கிண்ணத்தைக் காலி செய்தார்.

"உனக்கு யார்மேலய்யா கோவம்? சிஸ்டருங்க மேலயா?"

"கோவமெல்லாம் இல்லண்ணே. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. நல்ல சாப்பாடு, நல்ல படிப்பு. எங்களவிட நல்லா. அதான். நம்மகிட்ட இல்லாத என்னத்தையோ அங்க காட்டினாங்க, இவ அங்கயே நின்னுட்டா."

"என் பொண்ணு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு வருஷம்னு சொல்லிட்டுப் போனா. எட்டு வருஷம் ஆச்சு. நான் யாரத் திட்டறது சொல்லு. கங்காருவையா?"

கியுசிக் சிரித்துவிட்டார். நினைத்துச் சிரிக்கவில்லை, தானாக வந்துவிட்டது. மார்ச்சுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போங் போனதும், அவர் மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். பிறகு, மகள் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"மாசம் ரெண்டு தடவ வீட்டுக்கு வரணும்."

சேரினுக்குப் புரியவில்லை. "எங்கேர்ந்துப்பா?"

"சூவோன்லேர்ந்து. ஞாயித்துக்கிழம உன்னக் கோயிலுக்கு இழுத்தாங்கன்னா, கடையில வேலை இருக்குன்னு சொல்லிட்டு ரயிலேறு. அங்க குளிர் அதிகம். என் பழைய கோட்டு இருக்கு, ரோட்டு வேலைக்காரன் மாதிரி இருக்கும். பரவால்ல, போட்டுக்க."

"அப்பா..."

"போன் வந்தா சேர்றேன்னு சொல்லு. அவ்வளவுதான். உடனே கட்டிப் பிடிக்கறதெல்லாம் வேணாம், கையெல்லாம் கிம்ச்சி."

சேரின் கட்டிப் பிடித்தாள்.

அடுப்படியில் ஓக்ரான் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. கத்தி ஒரே சீராக இறங்கியது. நறுக்கி முடித்தபோது பத்து நாளைக்குப் போதுமான வெங்காயத்தாள் பலகையில் குவிந்திருந்தது.

சொல்லிவிடலாம். இப்போதேகூட. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று கெஞ்சலாம். மாற்ற முடியாது என்றுதான் சொல்வாள், ஆனாலும் கெஞ்சலாம். ஓக்ரான் இதையெல்லாம் வேறு யாருடைய வீட்டுப் பிரச்சினை போல யோசித்தாள். யோசித்துக்கொண்டே இன்னொரு கட்டு எடுத்து நறுக்கத் தொடங்கினாள்.

*

ஐந்தரை. வெளியே இருட்டிவிட்டது. கடையில் ஆளில்லை.

சேரின் தன் கைபேசியில் பல்கலைக்கழகக் காத்திருப்போர் கூடும் அரட்டை அறையைப் பார்த்தபடி இருந்தாள். முகம் தெரியாதவர்கள், வரிசை எண் மட்டும் தெரிந்தவர்கள்.

"அப்பா."

"என்ன? வந்துடுச்சா?"

"எனக்கு அடுத்து இருந்த பொண்ணுக்கு வந்துடுச்சாம். மூணு மணிக்கே. நர்சிங். இப்பதான் போட்டிருக்கா. சந்தோஷத்துல அழுதுட்டு இருந்தாளாம், அதான் இப்ப போடறாளாம்."

"அவளுக்கு எப்படி வரும்? நீதான அடுத்த ஆள்?"

"அதான் நானும் கேக்கறேன்."

சேரின் எழுந்தாள். அடுப்படிக்கு நடந்தாள். அம்மாவின் ஏப்ரன் பையில் கையை விட்டுக் கைபேசியை எடுத்தாள். ஓக்ரான் தடுக்கவில்லை. கையைத் தூக்கி வசதியாகக்கூட நின்றாள்.

"ரெண்டே முக்கால். சூவோன் நம்பர். பேசியிருக்கு." சேரினின் குரல் வினோதமாக மெலிந்தது. "அம்மா, இது இன்சூரன்ஸ் இல்ல. நீங்க இன்சூரன்ஸ்னு சொன்னீங்களே?"

கியுசிக் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் பயம் இல்லை. வருத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. ஒன்பது மாதமாக அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். இன்றைக்குத்தான் அதைப் படிக்க முடிந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றார் கியுசிக்.

சேரின் திரும்பினாள்.

"உங்கம்மா கையுறையோட எலும்பு அலசிட்டு இருந்தா. போனை ஜன்னல்ல வெச்சிருந்தா. அடிச்சுது, எடுத்தேன். வேணாம்னு சொன்னேன். அவகிட்ட இன்சூரன்ஸ்னு சொல்லிட்டேன். அவளுக்குத் தெரியாது."

"நீங்களா? மூணரைக்கு என்னைப் போகச் சொன்னீங்க. கோட்டு தர்றேன்னீங்க!"

"அது... அதுக்கப்புறம் மனசு கேக்கல. வராதுன்னு தெரியும்ல, அதான் தைரியமாச் சொன்னேன்."

அடுக்கி வைத்த பொய். இன்னும் கொஞ்சம் யோசித்தால் விழுந்துவிடும். சேரின் யோசிக்கவில்லை. நம்பினாள். 'ஒண்ணு போதும்' என்ற மனிதர் இதைச் செய்வார் என்று நம்புவது சுலபமாக இருந்தது.

"கட்டிப் பிடிச்சேனே" என்றாள். "நான் போய் உங்களக் கட்டிப் பிடிச்சேனே!"

அழாமல் தன் கோட்டை மாட்டினாள்.

"சேரலன்னு நான் சொல்லல. நீங்க சொன்னது. அங்க எல்லாப் பேச்சையும் பதிவு பண்ணுவாங்க. நாளைக்கு ஆபீஸ் திறந்ததும் போட்டுக் காட்டச் சொல்றேன், இது என் குரல் இல்லன்னு நிக்கறேன். ராத்திரி அக்கா மடத்துல தங்கிக்கறேன். விருந்தினர் அறை இருக்காம். அக்காவுக்கு அந்த ஆபீஸ்ல எல்லாரையும் தெரியும்."

"சேரின், நில்லு."

"எந்த வாசலுக்கு நான் போகக் கூடாதுன்னு பயந்தீங்களோ, இப்ப நீங்களே என்னை அங்க அனுப்பிட்டீங்கப்பா."

கதவு மணி கிணுகிணுத்து அடங்கியது. கண்ணாடியின் ஆவிக்குப் பின்னால் அவளுடைய உருவம் சாலையைக் கடந்து ஸ்டேஷன் வெளிச்சத்துக்குள் போனது.

சூப்பு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று ஓக்ரான் கேட்டாள்.

"எம்மேல கோவப்பட்டுப் போனா வீட்டுக்குத் திரும்பி வருவா. உன்மேல கோவப்பட்டுப் போனா வரமாட்டா."

"பதிவுல இருக்கறது என் குரல்."

"தெரியும்."

"நாளைக்கு அவ கேட்டுடுவா."

"தெரியும்னு சொல்றேன்ல."

அவர் கத்தவில்லை. 'ஏன் செய்தாய்' என்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைக்கக் குனிந்தார். அவர் தோள் குலுங்கியதை ஓக்ரான் பார்த்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. யூரிம் போனபோதுகூட.

ஓக்ரான் ஏப்ரனை அவிழ்த்தாள்.

"கடையப் பூட்டிடுங்க" என்றாள்.

ரப்பர் பூட்ஸோடு வாசலைத் தாண்டினாள். சாலையைக் கடக்கும்போதே பிளாட்பாரத்திலிருந்து ஒரு ரயில் வடக்கே நகர்வது தெரிந்தது. சேரின் அதில் இருப்பாள். ஓடவில்லை. அடுத்த ரயில் உண்டு.

டிக்கெட் கவுண்டரில் இருந்த பையன் அவளுடைய பூட்ஸைப் பார்த்தான், பார்க்காத மாதிரி இருந்தான்.

"சூவோன்" என்றாள்.

"எத்தனை பேரு?"

"ஒருத்தி."

"திரும்பி வர டிக்கெட்டும் போடட்டுங்களா?"

"போடுங்க. நாளைக்கு."

"அதுவும் ஒண்ணுதான?"

சேரினைச் சேர்த்தால் இரண்டு, யூரிம் மடத்திலிருந்து வரமாட்டாள். ஓக்ரானுக்குக் கணக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையனின் விரல் பொத்தான் மேல் காத்திருந்தது.

"மூணு" என்றாள் ஓக்ரான்.